ஓருடலில் இருவர் குருதி

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் வைத்தியத்துறையைச் சார்ந்தது. நாம் வைத்தியரல்லோம், பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் மாணாக்கர். ஆயினும், இப்பொருள் வைத்தியர்க்கு மாத்திரம் உரியதன்று, நோயாளியின் வீட்டாருக்கும் ஊராருக்கும் உரியது என்று கருதியே இதனை உங்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையைப் பற்றி நம்மிற் பலர் பத்திரிகைகளிற் படித்திருப்பர். குருதிப் புற்றுநோயால் வாடிய தம்பிக்கு அக்காள் மச்சை கொடுத்தாள், தம்பி பிழைத்தான் என்று செய்தி வரும். படித்தவர் மனம் மகிழ்ந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவர். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. மச்சை ஏற்றிய நாளை வைத்தியர்கள் பூச்சிய நாள் என்று குறிக்கின்றனர். அதற்கடுத்த நாள் முதலாம் நாள். பின் முப்பதாம் நாள், நூறாம் நாள் என்று கணக்கு நீண்டு செல்லும். அந்த நாட்களில் எல்லாம் அவர்கள் ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். ‘இந்த உடலில் இப்பொழுது ஓடுவது யாருடைய குருதி?’ என்பதே அவ்வினா. அதற்கு விடை காணும் முறையும், கண்ட விடைக்குப் பொருள் கொள்ளும் முறையுமே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலிலே மச்சையின் தொழிலைச் சிறிது நோக்குவோம். எமது எலும்புகளின் உட்புறத்தே பஞ்சு போன்ற மென்பொருள் ஒன்றுண்டு. அதுவே மச்சை. உடலெங்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் செங்குழியங்கள், கிருமிகளோடு போராடும் வெண்குழியங்கள், காயத்திற் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் ஆகிய மூன்றுக்கும் அதுவே தாய்வீடு. செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். சிறுதட்டின் ஆயுள் பத்து நாள் வரை. வெண்குழியங்களுட் பெரும்பான்மையானவை குருதியில் ஒரு நாளளவே உலவுகின்றன. இறப்பவற்றை ஈடுசெய்யும் பொருட்டுச் சுகதேகியான ஒருவரின் மச்சை நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடி செங்குழியங்களை ஆக்குகின்றது. இத்தனைக்கும் மூலமாய் இருப்பவை மூலக்கலங்கள் எனப்படும் மிகச் சில கலங்களே. கமக்காரனுக்கு விதைநெல் எப்படியோ, உடலுக்கு மூலக்கலம் அப்படி. விதைநெல் பழுதுபட்டால் அவ்வயலில் எத்தனை போகம் விதைத்தும் பயன் யாது?

விதையை மாற்றுவதே மாற்றுச் சிகிச்சை. முதலிற் கடும் மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ நோயாளியின் பழைய மச்சையை அழிப்பர், அல்லது அடக்குவர். பின்னர் கொடையாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மச்சையை, அல்லது அவர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த மூலக்கலங்களை, சேலைன் ஏற்றுவது போல நாளத்தின் வழியே ஏற்றுவர். நோயாளியின் உடலிற் கத்தி படுவதில்லை. ஏற்றப்பட்ட கலங்கள் குருதியோடு சென்று, தாமே வழி தேடி எலும்புகளுக்குட் புகுந்து குடியேறுகின்றன. இரண்டு மூன்று வாரங்களிற் புதிய வெண்குழியங்கள் தலை காட்டத் தொடங்கும்.

இங்கேதான் ஐயம் எழுகின்றது. தலை காட்டியவை கொடையாளியின் பயிரா? அழிந்தது என்று நாம் எண்ணிய பழைய மச்சை மீண்டும் தளிர்த்ததா? நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் அக்காளின் வெண்குழியமும் தம்பியின் வெண்குழியமும் ஒன்றாகவே தோன்றும். இரண்டும் கலந்து நிற்றலும் கூடும். இவ்வாறு இருவர் கலங்கள் ஓருடலில் வாழும் நிலைக்கு விஞ்ஞானிகள் கிமேரா என்ற பெயரை வைத்தனர். கிரேக்கர் கதையில் வரும் கிமேரா, சிங்கமும் ஆடும் பாம்பும் ஓருடலாய் இணைந்த விலங்கு. கோயில் மண்டபத்துத் தூண்களிலே சிங்கவுடலும் யானைத் துதிக்கையுமாய் நிற்கும் யாளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. யாளி சிற்பியின் கற்பனை. இந்தக் கிமேராவோ வைத்தியசாலை வாயிலால் நடந்து தன் வீட்டுக்குச் செல்லும் மெய்யான மனிதன். குருதிக் கலங்கள் ஏறக்குறைய முழுவதும் கொடையாளியுடையனவாயின் அதனை முழுக் கிமேரா நிலை என்றும், இரு சாராரும் கலந்திருப்பின் கலப்புக் கிமேரா நிலை என்றும் வழங்குவர். கொடையாளியின் பங்கு 95 வீதத்தை எட்டினால் முழு நிலை எனப் பல ஆய்வுகூடங்கள் கொள்கின்றன.

இக்கருத்து எவ்வாறு தோன்றிற்று? இதனை முதலிற் காட்டித் தந்தவை பசுக்கன்றுகள். 1945 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றே ஓவன் என்பார், இரட்டைக் கன்றுகளின் குருதியைச் சோதித்தார். ஒரே சூலிற் பிறவாத இரட்டைகளாயினும், அவற்றுள் ஒவ்வொரு கன்றின் குருதியிலும் இரு வகைச் செங்குழியங்கள் இருந்தன. தாய் வயிற்றில் இரண்டின் குருதிக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால் ஒன்றின் கலங்கள் மற்றதிற் சென்று குடியேறிவிட்டன. செங்குழியத்துக்கு ஆயுள் சில மாதங்களே. கன்று வளர்ந்து மாடாகிய பின்னும் இரு வகையும் நிலைத்திருந்தன. ஆதலால் இடம் மாறியவை செங்குழியங்கள் மாத்திரமல்ல, அவற்றைப் பெறும் மூலக்கலங்களுமாம் என்று ஓவன் முடிவு செய்தார். இதனைத் தொடர்ந்தே, பிறர் கலத்தை உடல் பொறுத்துக்கொள்ளும் இயல்பைப் பீற்றர் மெடவாரும் அவர் தோழர்களும் 1953 இல் எலிகளில் ஆய்ந்து காட்டினர். மெடவாருக்கு 1960 இல் நோபெற் பரிசு கிடைத்தது.

அதே 1953 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் இரத்ததானம் செய்ய வந்த பெண்மணி ஒருவரின் குருதி, சோதனையாளரைத் திகைக்க வைத்தது. அதிற் சில கலங்கள் ஏ வகுப்பாகவும் ஏனையவை ஓ வகுப்பாகவும் இருந்தன. அவருக்கு முன்னர் எவருடைய குருதியும் ஏற்றப்பட்டதில்லை. இலண்டனில் இருந்த குருதி வகுப்பு நிபுணர் றொபேட் றேஸ், அப்பெண்மணிக்கு இரட்டைப் பிறவி உண்டா என்று விசாரிக்கச் செய்தார். ஆம், உடன்பிறந்த ஆண் குழந்தை மூன்று மாதத்தில் இறந்துவிட்டது என்று விடை வந்தது. குழந்தை இறந்து ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் குருதிக் கலங்கள் சகோதரியின் உடலிற் பிறந்துகொண்டிருந்தன. மனிதரில் அறியப்பட்ட முதற் குருதிக் கிமேரா இவரே.

மாற்றப்பட்ட மச்சையைக் கண்காணிக்கும் கலை தோன்றியது 1956 இல் எனலாம். கதிர்வீச்சால் மச்சை அழிந்த எலிகளுக்குப் பிற எலிகளின் மச்சையை ஏற்றினால் அவை பிழைக்கின்றன என்பது அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. எதனாற் பிழைத்தன என்பதே வழக்கு. ஏற்றிய மச்சையிலுள்ள ஏதோ ஒரு சாறு பழைய மச்சையைத் தேற்றி எழுப்புகின்றது என்றனர் ஒரு சாரார். ஏற்றிய கலங்களே குடியேறிப் பெருகுகின்றன என்றனர் மறு சாரார். இங்கிலாந்தின் ஹார்வெல் என்னும் இடத்தில் சார்ள்ஸ் போட்டும் அவர் தோழர்களும் இவ்வழக்கைத் தீர்த்தனர். ஒருவகை எலிக் குலத்தில், மற்றைய எலிகளில் இல்லாத மிகச் சிறிய நிறமூர்த்தம் ஒன்று உண்டு. அக்குலத்து மச்சையைக் கதிர்வீச்சுப் பெற்ற எலிகளில் ஏற்றினர். பின்னர், பிழைத்த எலிகளின் மச்சையில் பிரியும் கலங்களைப் பார்த்தனர். அந்தச் சிறு நிறமூர்த்தம் அங்கே இருந்தது! குடியேறியவை கலங்களே என்பது ஐயமின்றித் தெளிந்தது. கொடையாளியிடம் மாத்திரம் உள்ள ஓர் அடையாளத்தைத் தேர்ந்து, அதனை நோயாளியிடம் தேடு என்னும் விதி அன்று பிறந்தது. பின்னர் வந்த முறைகள் யாவும் இவ்விதியின் வழி வந்தவையே.

1958 ஒக்டோபரில், அன்றைய யூகோஸ்லாவியாவின் வின்ச்சா என்னும் இடத்திலிருந்த அணு உலையில் நேர்ந்த விபத்தில் அறுவர் கடுங் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்கள் பாரிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஐவருக்கு ஜோர்ஜ் மத்தே என்ற வைத்தியரின் குழுவினர் மச்சை ஏற்றினர். அதனை மனமுவந்து கொடுத்தவர்கள் முன்பின் அறியாத பிரெஞ்சு மக்கள். ஐவருள் ஒருவர் இறந்தார், நால்வர் பிழைத்தனர். கொடையாளியின் செங்குழியங்கள் நோயாளியின் குருதியிற் சில காலம் காணப்பட்டு, பின் படிப்படியாக மறைந்தன. நோயாளியின் சொந்த மச்சை மீண்டெழுந்துவிட்டது. அவர்களைக் காத்தது வந்த மச்சையா, மீண்ட மச்சையா என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது. ஆயினும் அந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்திற்று. ஒட்டிய மச்சை ஒட்டியபடியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இன்று கண்டதை நாளையும் காண்போம் என்று இருத்தலாகாது.

பின்னர் 1963 இல் மத்தே, குருதிப் புற்றுநோயாளி ஒருவரில் நெடுநாள் நிலைத்த கிமேரா நிலையை அறிவித்தார். 1968 இல் றொபேட் குட் என்பவரின் குழுவினர் அமெரிக்காவின் மினசோட்டாவில், பிறவியிலேயே நிர்ப்பீடனம் இல்லாத ஓர் ஆண் குழந்தைக்கு அதன் சகோதரியின் மச்சையை ஏற்றிக் காத்தனர். அக்குழந்தையின் குருதி வகுப்பே சகோதரியின் வகுப்பாக மாறிற்று. மனிதரில் இச்சிகிச்சைக்கு வழி வகுத்த டொனால் தோமஸ் 1990 இல் நோபெற் பரிசு பெற்றார்.

இனி, கலங்களை இனங்காணும் முறைகளைப் பார்ப்போம். ஆதியில் உதவியது குருதி வகுப்பு. மச்சை மாற்றுக்கு இருவரின் குருதி வகுப்பும் ஒன்றாயிருத்தல் கட்டாயமன்று. வெண்குழியங்களிலும் பிற கலங்களிலும் உள்ள இழைய வகுப்பின் பொருத்தமே தலையாயது. எனவே ஓ வகுப்புக் கொடையாளியின் மச்சையைப் பெற்ற ஏ வகுப்பு நோயாளி நாளடைவில் ஓ வகுப்பினராகிவிடுவார். இது காட்சிக்கு எளிய சான்றாயினும் விரைவற்றது. பழைய செங்குழியங்கள் நான்கு மாதம் வரை உலவும். இடையிற் பிறர் குருதி ஏற்றப்பட்டிருந்தால் கணக்குக் குழம்பும்.

அடுத்தது பால் நிறமூர்த்தம். ஆணின் கலத்தில் எக்ஸ் ஒன்றும் வை ஒன்றும் உண்டு. பெண்ணின் கலத்தில் எக்ஸ் இரண்டு. அக்காள் தம்பிக்குக் கொடுத்தால், தம்பியின் குருதியில் வை உள்ள கலம் அவனுடையது, இரண்டு எக்ஸ் உள்ள கலம் அவளுடையது. இரு நிறமூர்த்தங்களுக்கும் இரு நிறத்தில் ஒளிரும் சாயமேற்றி, நூற்றுக்கணக்கான கலங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். நல்ல முறைதான், ஆனால் அண்ணன் தம்பிக்குக் கொடுத்தால் என் செய்வது?

இத்தடையை நீக்கியது டீ.என்.ஏ. ஆய்வு. 1984 இல் இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்றீஸ் என்பார், ஆளுக்கு ஆள் வேறுபடும் டீ.என்.ஏ. அடையாளத்தைக் கண்டார். குற்றவாளிகளைப் பிடிக்க உதவிய அக்கண்டுபிடிப்பு மச்சை மாற்று நோயாளிக்கும் உதவிற்று. இன்று பெரும்பாலான ஆய்வுகூடங்கள் கையாளும் முறை அதன் வழித்தோன்றலே. அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

எமது டீ.என்.ஏ. இழையிற் சில இடங்களிலே நான்கெழுத்துச் சொல் ஒன்று மாலையிற் கோத்த மணி போலத் திரும்பத் திரும்ப வரும். மணிகளின் தொகை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோரிடத்துக்கும் தந்தை வழி ஒரு மாலை, தாய் வழி ஒரு மாலை. ஓரிடத்தில் நோயாளிக்கு 12 மணியும் 15 மணியும், கொடையாளிக்கு 14 மணியும் 17 மணியும் உண்டு எனக் கொள்வோம். மாற்றின் பின் நோயாளியின் குருதியை எடுத்து, அவ்விடத்து டீ.என்.ஏ.யைப் பல கோடி மடங்காகப் பெருக்கி, மயிரிழை போன்ற குழாயினூடே மின்னழுத்தத்தில் ஓட விடுவர். குறுகிய துண்டு முந்தும், நீண்டது பிந்தும். வரைபில் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு சிகரம் எழும். 14 உம் 17 உம் மாத்திரம் எழுந்தால் குருதி கொடையாளியுடையது. நான்கு சிகரங்களும் எழுந்தால் கலப்பு. கொடையாளியின் இரு சிகரங்களின் பரப்பு 9,000 அலகு, நோயாளியின் இரு சிகரங்களின் பரப்பு 1,000 அலகு ஆயின், மொத்தம் 10,000 இல் நோயாளியின் பங்கு 10 வீதம். இவ்வாறு பல இடங்களிற் கணக்கிட்டுச் சராசரி காண்பர்.

சொல்லுதற்கு எளிது, செய்தற்குக் கவனம் வேண்டும். உடன்பிறந்தார்க்குப் பல இடங்களில் ஒரே மணித்தொகை அமைந்துவிடும், அவ்விடங்கள் பயன்படா. டீ.என்.ஏ.யைப் பெருக்கும்போது சில வேளை ஒரு மணி தவறி, உண்மைச் சிகரத்துக்கு முன்னே சிறு போலிச் சிகரம் எழும். அதனை நோயாளியின் கலம் என்று மயங்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றுக்கு முன்னரே நோயாளியின் மாதிரியையும் கொடையாளியின் மாதிரியையும் எடுத்து வைத்தல் வேண்டும். மறந்துவிட்டால் பின்னர் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்தும் சரிவராது; எச்சிலில் வெண்குழியங்கள் கலந்திருப்பதனால் அங்கும் கொடையாளியே தோன்றுவார். ஒரே சூலிற் பிறந்த இரட்டையர் ஒருவருக்கொருவர் கொடுத்தாலோ இம்முறையால் வேறுபடுத்த இயலாது.

இம்முறை நூற்றில் ஒன்று முதல் ஐந்து வரையான பங்கைக் காட்டவல்லது. பிற்காலத்து முறைகள் ஆயிரத்தில் ஒன்றையும் அதனினும் சிறியதையும் காட்டுகின்றன. அன்றியும், குருதியை மொத்தமாகச் சோதியாமல், காந்தத் துகள் பூட்டிய பிறபொருளெதிரிகளின் துணையால் ரீ வகை நிணநீர்க்கலங்களை ஒரு புறமும் ஏனைய வெண்குழியங்களை மறு புறமும் பிரித்துச் சோதிப்பதும் உண்டு. மொத்தக் குருதியிற் கொடையாளியே நிறைந்து தோன்றும்போது ரீ கலங்களில் நோயாளியின் படை மறைந்து நிற்றல் கூடும். பெருங்கூட்டத்தில் மறைந்திருப்பவனைக் கூட்டத்தைப் பிரித்துத்தானே காணல் வேண்டும்?

அன்பர்களே! எண்ணைக் காண்பது ஒரு கலை. அதற்குப் பொருள் காண்பதே பெருங்கலை. ஒரு பேச்சுக்கு மூன்று கட்டில்களை மனத்தில் அமைத்துக்கொள்வோம். மூன்றிலும் மாற்றுச் சிகிச்சை பெற்ற நோயாளிகள். மூவரின் அறிக்கையிலும் ஒரே எண்: கொடையாளி 80 வீதம், நோயாளி 20 வீதம். மூவருக்கும் ஒரே மருந்தா? இல்லை.

முதற் கட்டிலில் இருப்பவர் குருதிப் புற்றுநோயாளி. அவர் உடலில் கொடையாளியின் வெண்குழியங்களுக்கு இரு கடமை. ஒன்று புதிய குருதியின் காவல். மற்றது ஒளிந்திருக்கும் புற்றுக் கலங்களைத் தேடி அழித்தல். சென்ற முறை 2 வீதம், பின் 8, இப்பொழுது 20 என்று அவரது சொந்தக் கலங்கள் ஏறி வருமாயின் அது அபாய அறிவிப்பு. இவ்வாறு ஏறிச் செல்லும் பிள்ளைகளில் நோய் மீளும் ஆபத்து மிகுதி என்பதைப் பீற்றர் பாடரும் பிறரும் ஜேர்மனியில் ஆய்ந்து கண்டனர். இங்கே வைத்தியர், கொடையாளியின் படையைக் கட்டிப்போட்டிருக்கும் அடக்கு மருந்துகளைக் குறைப்பர். அதுவும் போதாதாயின் கொடையாளியிடமிருந்து நிணநீர்க்கலங்களை மீண்டும் பெற்று ஏற்றுவர். மியூனிக் நகரத்துக் கோல்ப் என்பாரின் குழுவினர் 1990 இல் இம்முறையின் பயனை வெளியிட்டனர். ஆனால் இது இருமுனைக் கத்தி. அவிழ்த்துவிட்ட படை புற்றை மாத்திரமன்றி நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குதல் கூடும். அதனால் உயிரிழப்பாரும் உளர்.

இரண்டாங் கட்டிலில் இருப்பவருக்குப் புற்றுநோய் இல்லை. அவர் மச்சை வற்றிப்போனவர். அனேகமாக அவரது சொந்த ரீ கலங்களே அவர் மச்சையை அழித்தவை. இப்பொழுது அதே 20 வீதம் ஏறி வருமாயின், பழைய பகைவர் மீண்டும் படை திரட்டிப் புதிய மச்சையை வெளியேற்ற முயல்கின்றனர் என்று கருதல் வேண்டும். இங்கே அடக்கு மருந்தை அவசரப்பட்டுக் குறைத்தால் ஒட்டு அழியும். அதனைத் தொடர்தலே, சில வேளை கூட்டுதலே அறிவுடைமை. முதற் கட்டிலிற் குறைத்த மருந்தை இரண்டாங் கட்டிலிற் காக்கின்றோம். எண் ஒன்று, செயலோ நேர்மாறு!

மூன்றாங் கட்டிலில் தலசீமியா நோயுள்ள சிறுவன். எமது நாட்டிலும் இந்நோய் உண்டு. குருநாகலில் அதற்கென நிலையமே அமைந்துள்ளது. செங்குழியத்தின் நிறப்பொருளைச் சரிவர ஆக்க இயலாப் பரம்பரை நோய் இது. மாதந்தோறும் குருதி ஏற்றியே வாழவேண்டிய நிலை. இத்தாலியின் பெசாரோ நகரில் கைடோ லூக்கறெல்லி என்ற வைத்தியரின் குழுவினர் இந்நோய்க்கு மச்சை மாற்றை நெடுங்காலம் செய்து வந்தனர். அவர்கள் கண்டவை இரண்டு. முதலிரு மாதங்களில் நோயாளியின் பங்கு 25 வீதத்தைத் தாண்டினால் ஒட்டு வெளியேற்றப்படும் ஆபத்து மிகப் பெரிது. ஆனால் ஈராண்டு கடந்து நிலைபெற்ற சிறுவர் சிலரில், கொடையாளியின் பங்கு 20 அல்லது 30 வீதமாயிருந்தும் குருதி ஏற்றும் தேவையே இல்லாமற் போயிற்று! காரணம் இதுதான். தலசீமியாச் செங்குழியங்கள் முதிருமுன்பே மச்சைக்குள் மடிந்துவிடுகின்றன. கொடையாளியின் செங்குழியங்கள் நிறைந்த ஆயுளுடன் வாழ்கின்றன. எனவே மச்சையிற் சிறுபான்மையோர், குருதியிற் பெரும்பான்மையோர் ஆகின்றனர். அரிவாட்கல நோயிலும் இவ்வாறே ஏறக்குறைய 20 வீதக் கொடையாளிக் கலங்கள் போதும் என்று 2017 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே இச்சிறுவனுக்கு, காலம் கடந்து நிலைபெற்ற 20 வீதமாயின், அச்சம் வேண்டியதில்லை. இருவர் கலங்களும் ஒற்றுமையாய் வாழ்கின்றன. இங்கே கை வைக்காமல் இருத்தலே வைத்தியம்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? எண் தனியே பேசாது. எந்த நோயில், எந்த நாளில், எந்தக் கலத்தில், எத்திசை நோக்கி என்னும் நான்கையும் சேர்த்துக் கேட்டாலன்றி அது வாய் திறவாது. ஒரு முறை பார்த்த எண் நிழற்படம் போன்றது. பல முறை பார்த்த எண்களே போக்கைக் காட்டும். ஒரு முறை 3, மறு முறை 4 என்றால் அது ஏற்றமன்று. அளவையின் பிழை எல்லைக்குள் அடங்கும். நுண்ணிய முறைகளுக்கும் இது பொருந்தும். ஆயிரத்தில் ஒரு பங்காய் நோயாளியின் கலம் தென்பட்டதும் நோய் மீண்டது என்று கலங்குதல் தவறு. அது எஞ்சி நிற்கும் நல்ல கலமாகவும் இருக்கலாம். புற்றுக் கலத்தைத் தேடும் சோதனை வேறு. யாருடைய கலம் என்று வினவும் சோதனை வேறு. ஒன்று மற்றதற்குத் துணையாகும், ஈடாகாது.

இவற்றையெல்லாம் வாலிபர் சங்கத்தில் ஏன் சொல்லுகின்றோம் என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. மாற்றுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு முடி மீண்டும் முளைக்கின்றது, முகத்திற் களை வருகின்றது, உணவு செல்கின்றது. வீட்டார், சுகமாகிவிட்டதே, இனி ஏன் இத்தனை தூரம் பயணம், இத்தனை செலவு என்று நினைக்கத் தொடங்குகின்றனர். 30 ஆம் நாள், 60 ஆம் நாள், 100 ஆம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு என்று வைத்தியர் குறித்த தவணைகளில் ஒன்று தவறுகின்றது. ஆனால் நாம் சொன்ன ஏற்றம் உடலில் எவ்வித நோவும் காட்டாமலே தொடங்குவது. நோவு தோன்றும்போது பல வேளை காலம் கடந்திருக்கும். நோயாளி நன்றாயிருக்கும் நாளிலேயே குருதியைப் பார்ப்பதன் காரணம் இதுவே. அவரை அத்தவணைக்கு அழைத்துச் செல்ல ஒரு வாகனம், துணைக்கு ஓர் ஆள், வழிச்செலவுக்குச் சிறு தொகை என்பவற்றை ஓர் ஊர்ச் சங்கம் செய்து கொடுத்தால், அது எத்தனையோ மேடைப் பேச்சுக்களிலும் மேலான தொண்டாகும்.

இன்னுமொன்று. புதிய மச்சை வேரூன்றும் வரை நோயாளி பிறர் கொடுக்கும் குருதியிலும் சிறுதட்டிலுமே உயிர் வாழ்கின்றார். சிறுதட்டுக்களைப் பொதுவாக ஐந்து நாட்களுக்கு மேற் சேமித்து வைக்க இயலாது. ஆண்டு விழாவன்று நூறு பேர் கொடுத்துவிட்டு மறு ஆண்டு வரை மறந்திருப்பதிலும், மாதந்தோறும் பத்துப் பேர் முறை வைத்துக் கொடுப்பது அவருக்கு அதிகம் உதவும். உடன்பிறந்தார் ஒருவரின் இழைய வகுப்பு முழுமையாய்ப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்குக் கேட்கப்படும்போது அச்சத்தாற் பின்வாங்காது சோதனைக்கு முன்வருதல் வேண்டும். கொடுத்த மச்சை சில வாரங்களில் தானே ஊறி நிறைந்துவிடும், கொடுத்தவர் குறைவதில்லை.

ஷெபீல்ட் பெண்மணியின் உடலில் 25 ஆண்டுகள் வாழ்ந்தது மூன்று மாதக் குழந்தையின் குருதி. பாரிஸ் நகரில் முன்பின் அறியாதார் கொடுத்த மச்சை, வேற்று நாட்டவர் உடலிற் சில வாரங்களே தங்கிற்று. ஒன்று நிலைத்தது; மற்றது கழிந்தது. எது நிலைக்கும், எது கழியும் என்பதை முன்கூட்டி அறிவார் இலர். அதனாலேதான் எண்ணுகின்றோம், மீண்டும் மீண்டும் எண்ணுகின்றோம். கொடுத்தவரின் அன்புக்கும் பெற்றவரின் உயிருக்கும் நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அவ்வெண்ணிக்கையை இடையிற் கைவிடாதிருத்தலே.